மூவர் அல்லர், ஒருவர்

காலை பத்து மணிக்கு எங்கள் அரசாங்கக் கந்தோர் வாசலில் ஒரு சைக்கிள் சுவரில் சாத்தப்படும் சத்தம் கேட்டால், பியோன் தலையைத் தூக்காமலே சொல்லுவார்: "பிழையோ வாறார்."

தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "செய்தியிலை நிருபற்றை பேர் என்னத்துக்கு?" என்று கேட்பவர். பட்டினத்துப் பத்திரிகை ஒன்றுக்கு இருபது வருடத்துக்கு மேல் நிருபராக இருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சுகாதாரக் கந்தோரில் தொற்றுநோய்ப் பதிவேட்டுக்குப் பொறுப்பான இலிகிதர். குடாநாட்டில் எந்த வைத்தியர் ஒரு தொற்றுநோயைக் கண்டாலும் அட்டை ஒன்று எழுதி எங்களுக்கு அனுப்பவேண்டும். அட்டை வந்ததும் நான் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவேன். பிறகு சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்து அறிக்கை தருவார். பதிவேடு என் மேசையில் இருந்தது. அதைப் பத்திரிகைக்காரருக்குக் காட்டக்கூடாது என்ற விதி அதே மேசையின் இழுப்பு லாச்சியில் இருந்தது.

அவர் முதல்முதல் வந்தபோது, இந்தக் கிழமை எத்தனை பேருக்கு நெருப்புக்காய்ச்சல் என்று கேட்டார். வைத்தியர்கள் டைபொயிட் என்று எழுதுவதை எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும். எழுத்தில் விண்ணப்பிக்கவும், விண்ணப்பம் கொழும்புக்குப் போகும், மறுமொழி வந்ததும் அறிவிக்கப்படும் என்றேன். அதற்குள் காய்ச்சல்காரர் ஒன்று சுகமாகியிருப்பார்கள், இல்லையென்றால் வேறு பதிவேட்டுக்குப் போயிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அந்த விதியை ஒருக்கால் பாக்கலாமோ, தம்பி?"

விதியைக் காட்டக்கூடாது என்று விதி இல்லை. எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"தகவல் குடுக்கக்கூடாதெண்டு இருக்கு. சரி. நான் கொண்டுவாற தகவலிலை பிழை இருந்தால், பிழையெண்டு சொல்லக்கூடாதெண்டு இதிலை எங்கை இருக்கு?"

தேடினேன். இல்லை. விதியை எழுதியவர் இப்படியொரு மனிதரைச் சந்தித்திருக்கவில்லை.

அன்று தொடங்கியது எங்கள் ஏற்பாடு. ஊர் ஊராகச் சைக்கிளில் போய், வீட்டு வாசலில் படலை படலையாக நின்று விசாரித்து, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வருவார். என் மேசைக்கு முன்னால் நின்று வாசிப்பார். "இந்த ஊர். கோயிலடி ஒழுங்கை. ஐஞ்சு பேர். பிழையோ?" கணக்குச் சரியென்றால் நான் பேசாமல் என் கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிழையென்றால் "பிழை" என்பேன். கூடவோ குறையவோ என்று சொல்லமாட்டேன். அவரும் கேட்கமாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புவார். ஒருமுறை அளவெட்டிக்கு ஒரே நாளில் மூன்று தரம் போய்வந்தார். மூன்றாம் தரம் வந்தபோது சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. வாசித்தார். நான் கோப்பைப் பார்த்தேன். "உந்தக் கோப்பை முதலே பாத்திருக்கலாமே" என்றார்.

மற்றப் பத்திரிகைக்காரர்கள் அப்படியில்லை. அவர்களுக்குப் 'பலர்' என்ற சொல் இருந்தது. 'ஏராளமானோர்' இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே 'அஞ்சப்படுகிறது' இருந்தது. இவர் அந்தச் சொற்களை வீட்டுக்குள் வந்த தெருநாயைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ஆனால் தலைப்புப் போடுவது நிருபர் அல்ல. ஒருநாள் இவர் எழுதிய நாலு வரிச் செய்திக்கு மேலே, 'வாந்திபேதியின் கோரத் தாண்டவம்' என்று பெரிய கட்டை எழுத்தில் வந்திருந்தது. பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகப் பத்திரிகைக் கந்தோருக்குப் போய், "உந்தத் தாண்டவம் ஆடினதை ஆர் பாத்தது? பாத்தவரைக் கூப்பிடுங்கோ, நான் கதைக்கவேணும்" என்று ஆசிரியரிடம் கேட்டாராம். அச்சுக்கோர்க்கிறவர்கள் சிரித்ததில் அன்று ஒரு பக்கம் பிந்தியது.

அவருடையது வடகரையில் கடலோடிக் குடும்பம். தகப்பன் வத்தை என்ற பாய்க்கப்பலை ஓட்டிய தண்டையல். "எங்கடை அப்பு ஈயக்குண்டை இறக்கிப் பாக்காமல் தண்ணி இவ்வளவு ஆழமெண்டு சொல்லமாட்டார். சொல்லியிருந்தால் நான் பிறந்திருக்கமாட்டன்" என்று ஒருதரம் சொன்னார். குடும்பத்தைப்பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான்.

கண்ணால் கண்டால் மட்டுமே எழுதுவார். கண்டது ஏமாற்றும் என்பதும் தெரிந்தவராகத்தான் இருந்தார். அறுபதுகளில் ஒரு பங்குனி மாதம், ஓர் ஊரில் அம்மாள் வருத்தம் பரவிவிட்டது, பத்து வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டியிருக்கிறது என்று மற்றப் பத்திரிகை எழுதியது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் போவதில்லை. அதனால் வேப்பிலையை எண்ணி நோயாளியை எண்ணியதாக முடித்துவிட்டார்கள். இவர் ஒவ்வொரு படலையிலும் நின்று கூப்பிட்டுப் பேசினார். ஒன்பது வீட்டில் பிள்ளைகளுக்குக் கொப்பளிப்பான் என்ற சின்னம்மை. பத்தாவது வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த வீட்டுப் பெண் படலைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணை, எழுதிப்போடாதேங்கோ. மாமி வந்து ஒரு மாசம் நிக்கப்போறன் எண்டு கடிதம் போட்டவ. அதுதான் கட்டினனான்."

என்னிடம் வந்து "ஒன்பது. பிழையோ?" என்றார். நான் கோப்பைப் பார்த்தேன். மாமியின் கதையை எனக்குச் சொன்னார். பத்திரிகைக்குச் சொல்லவில்லை.

இனி அந்த மாரிகாலத்துக்கு வருகிறேன்.

எழுபதுகளில் ஒரு மாரி. கிணறுகள் வாய்வரை நிரம்பி, மலக்குழித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் நிலத்துக்குக் கீழே உறவு கொண்டாடும் காலம். வாந்திபேதி என்ற பயம் சனத்துக்கு ஏற்கெனவே இருந்தது. அந்த நேரத்தில் ஒரு திங்கட்கிழமை, ஒரு மனிதர் கொடிகாமம் சந்தையில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு, அடுத்த நாள் விடியமுன் இறந்துபோனார். வாந்திபேதிதான். ஆய்வுகூடமும் அதையே சொன்னது. என் பதிவேட்டில் ஒரு வரி எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெரும்பாலும் பெண்ணின் வீட்டோடு போய்விடுவான். அதனால் அவனுக்கு இரண்டு ஊர் உண்டு. இரண்டும் அவனை 'எங்கடை ஆள்' என்று சொல்லும். இந்த மனிதர் பிறந்தது உரும்பிராயில். அங்கே அவர் ராசு. கலியாணம் முடித்தது அரியாலையில். அங்கே அவர் கந்தசாமி. கொடிகாமம் சந்தையில் கடை. அங்கே அவர் மிளகாய்க்கடைத் தம்பி.

வாந்திபேதியில் இறந்தவரின் சடலம் வீட்டுக்குப் போகாது. மருந்தில் நனைத்த துணியால் சுற்றி, ஆஸ்பத்திரியிலிருந்தே சுடலைக்குப் போகும். அது விதி. சரியான விதி. நானே பலதரம் தட்டெழுத்தில் அடித்திருக்கிறேன். ஆனால் சடலம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தால் செத்தவீடும் ஒன்றாக இருந்திருக்கும், தாயும் மனைவியும் ஒரே முற்றத்தில் அழுதிருப்பார்கள். சடலம் எங்கும் போகாததால், தாய் உரும்பிராயிலும் மனைவி அரியாலையிலும் அழுதார்கள். போதாததற்கு, இரண்டு வீட்டையும் விட்டு ஒருவரும் வெளியே போகக்கூடாதென்று பரிசோதகர்கள் சில நாளுக்குக் கட்டளையிட்டிருந்தார்கள்.

நிருபர் செவ்வாய்க்கிழமை மூன்று இடத்துக்கும் போனார். கொடிகாமத்தில் சுண்ணாம்பு தூவிப் பூட்டிய கடையைப் பார்த்தார். "நேற்று இதிலை விழுந்தவர். முடிஞ்சுதாம்" என்றார்கள். உரும்பிராயில் படலைக்கு வெளியே நின்று, ராசு போய்விட்டான் என்று ஒரு கிழவி தலையில் அடித்து அழுவதைப் பார்த்தார். அரியாலையில் ஓர் இளம் பெண் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார், கந்தசாமி போய்விட்டார் என்று அவளுடைய தமையன் சொல்வதைக் கேட்டார். மூன்றும் கண்ணால் கண்டது.

அடுத்த நாள் பத்து மணிக்கு என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"வாந்திபேதி. மூண்டு மரணம். கொடிகாமத்திலை மிளகாய்க்கடைத் தம்பி எண்ட வியாபாரி, உரும்பிராயிலை ராசு எண்டவர், அரியாலையிலை கந்தசாமி எண்டவர். பிழையோ?"

பதிவேடு எனக்கு முன்னால் திறந்திருந்தது. அதில் ஒரு வரி.

முதல் நாள் பின்னேரம் கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்திருந்தது. தொற்றுநோய்கள்பற்றிப் பத்திரிகைகளில் வரும் எதையும் எந்த உத்தியோகத்தரும் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ கூடாது. மீறுவோர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை. நிருபர் கண்டுபிடித்த ஓட்டையை யாரோ கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள். வாசித்தேன் என்று நான் கையெழுத்தும் வைத்திருந்தேன். புதிதாகச் சுற்றுநிருபம் வந்திருக்கிறது என்றாவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றுநிருபம் பற்றிய தகவலும் தகவல்தானே. அப்படித்தான் அன்று யோசித்தேன்.

நான் என் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்று கடதாசியை மடித்தார். "பாவம், மூண்டு குடும்பம்."

வியாழக்கிழமைப் பத்திரிகையில் 'மூன்று ஊர்களில் வாந்திபேதி: மூவர் பலி' என்று வந்தது. அவர் பொய் எழுதமாட்டார் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் ஊர் அதை நம்பியது. கொடிகாமம் சந்தைக்கு லொறி வருவது நின்றது. கத்தரிக்காயை மாட்டுக்குப் போட்டார்கள். உரும்பிராயிலிருந்து வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பின் கடைசியில் தனி வாங்கில் இருத்தினார்கள். பட்டினத்து மீன் சந்தையில், "எந்த ஊர் மீன்?" என்று கேட்டுவிட்டுத்தான் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை அரை நாள் கந்தோர். நிருபர் வேறு ஏதோ கணக்கோடு வந்து நின்றார். அப்போது ஒரு மீன்காரி படியேறி வந்து, பனையோலைக் கடகத்தை என் மேசையில், பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அரியாலை இறால் ஐயா. மணந்து பாருங்கோ. விடியப் பிடிச்சது. நேற்றும் கொண்டுபோய்க் கொட்டினனான், முந்தநாளும் கொட்டினனான். இண்டைக்கு இஞ்சை கொட்டப்போறன்."

"இதிலை வைக்கக்கூடாது, எடும்" என்றார் பியோன்.

"ஏன், இறாலுக்கும் வாந்திபேதியோ? என்ரை மனிசன் கரையிலை குந்திக்கொண்டு வலையைப் பாத்துக்கொண்டிருக்கிறார். நாலு பிள்ளையள். எங்கடை பக்கத்திலை அந்த ஒரு மனிசனைத் தவிர ஒருத்தருக்கும் வயித்தாலை போகேல்லை. ஆர் ஐயா மற்ற ரெண்டு பேர்? ஆர் கண்டது?"

"நான் கண்டனான், தங்கச்சி" என்றார் நிருபர். "மூண்டு இடத்துக்கும் போனனான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களோ பேப்பர்? அப்ப நீங்களே வாங்குங்கோ இறாலை."

வாங்கினார், கடகத்தோடு. வீட்டில் மனைவி என்ன சொன்னாவோ தெரியாது. இறால் வாசம் எங்கள் பதிவேட்டில் ஒரு கிழமை இருந்தது. அன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம்.

அவர் உண்மையைக் கண்டுபிடித்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. உரும்பிராயில் வேறு யாருக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர், ராசுவின் வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்டார். பரிசோதகரின் கட்டளை முடிந்திருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டார்.

"எல்லாரும் எட்டாம் நாள் செலவுக்கு அரியாலைக்குப் போயிட்டினம்."

"செத்தது இந்த வீட்டுப் பிள்ளை. எட்டை ஏன் அரியாலையிலை செய்யினம்?"

"நல்ல கேள்வி. பெண்சாதி பிள்ளையள் அங்கைதானே."

பத்து மணிக்கு வருபவர் அன்று இரண்டு மணிக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்தவில்லை, முற்றத்தில் விழவிட்டார். கடதாசி ஒன்றும் கையில் இல்லை.

"தம்பி, உம்மடை பதிவிலை எத்தினை?"

"அண்ணை, சுற்றுநிருபம் ஒண்டு..."

"புதன்கிழமை நான் கேக்கேக்கை உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"இறால்காரி வரேக்கையும் தெரியுமோ?"

"ஓம்."

பியோன் எழுந்து வெளியே போனார். நிருபர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் மறுமொழி இருந்தது. சுற்றுநிருப இலக்கமே எனக்குப் பாடம். அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இருபது வருடத்தில் முதல்தரம். "இனி இதைத் திருத்த உங்கடை விதியிலை வழி இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. மரணப் பதிவேடு எங்கள் கந்தோரைச் சேர்ந்ததல்ல. பதிவாளரிடம் விண்ணப்பித்தால் யாருக்கும் பிரதி கொடுப்பார்கள். அதில் தகப்பன் பெயர், வயது, பிறந்த ஊர், வசித்த ஊர், இறந்த இடம் எல்லாம் இருக்கும். எந்தச் சுற்றுநிருபமும் அதைத் தடுக்காது. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை சொன்னேன்.

பிரதியோடு அவர் பத்திரிகைக் கந்தோருக்குப் போனதும் அங்கே நடந்ததும், அச்சுக்கூடத்தில் வேலைபார்த்த என் மைத்துனர் சொல்லித் தெரியும்.

"அண்ணை, இனி ஆர் இதை வாசிக்கிறது?" என்றார் ஆசிரியர். "உள்பக்கத்திலை ரெண்டு வரி போடுறன்."

"மூண்டெண்டு வாசிச்சவன் எங்கை வாசிச்சவன்? முன்பக்கத்திலை. எந்த எழுத்திலை? கட்டை எழுத்திலை. அங்கை, அதே எழுத்திலை போடும்."

"எங்கடை பேப்பரை நாங்களே நாறடிக்கிறதோ?"

"இறால் நாறினது உமக்கு மணக்கேல்லை."

ஆசிரியர் மறுத்தார். இவர் அடுத்த நாள் செய்தி கொடுக்கும் நேரத்துக்கு வந்து அதே திருத்தத்தைக் கொடுத்தார். வேறு செய்தி ஏதும் இல்லையோ என்று கேட்டபோது, "இதுதான் செய்தி. இது போகாமல் மற்றது வராது" என்றார். அதற்கடுத்த நாளும் அதையே புதிதாக எழுதிக் கொடுத்தார். அந்தக் கிழமை குடாநாட்டில் ஒரு பஸ் குடைசாய்ந்தது, ஒரு கோயிலில் தேர் அச்சு முறிந்தது. இவருடைய பத்திரிகையில் இரண்டும் இல்லை. நிருபர் வேலை போய்விடும் என்று என் மைத்துனரே இவரிடம் சொல்லியிருக்கிறார். "போகட்டும், பிழையோடை இருக்கேலாது" என்றாராம். ஐந்தாம் நாள் ஆசிரியர் கைவிட்டார்.

முன்பக்கத்தில், கட்டை எழுத்தில், 'மூவர் அல்லர், ஒருவர்' என்று வந்தது. கீழே:

"வாந்திபேதியால் மூன்று ஊர்களில் மூவர் இறந்ததாக இப்பத்திரிகையில் வெளியான செய்தி பிழை. இறந்தவர் ஒருவரே. உரும்பிராயில் பிறந்து, அரியாலையில் மணமுடித்து, கொடிகாமத்தில் கடை வைத்திருந்த அவரை, எமது நிருபர் மூன்று இடங்களுக்கும் நேரில் சென்று மூன்று பேராக எண்ணிவிட்டார். மூன்று இடங்களிலும் பெயரைக் கேட்டவர், தகப்பன் பெயரையும் வயதையும் கேட்கவில்லை. பிழை நிருபருடையது."

நான் இரண்டு தரம் வாசித்தேன். சுகாதாரக் கந்தோர் என்ற சொல்லைத் தேடினேன். இல்லை.

மூன்று நாலு நாளில் லொறிகள் வரத்தொடங்கின. மீன்காரி மறுபடி எங்கள் படியேறவில்லை. மீன் விற்கும் பெண்ணுக்குக் கந்தோரில் என்ன வேலை?

அதன்பிறகு அவர் எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் நாலு கேள்வி கேட்பார்: தகப்பன் பெயர் என்ன, வயது என்ன, எங்கே பிறந்தவர், எங்கே கலியாணம் முடித்தவர். அழுதுகொண்டிருக்கும் சனத்திடம் கேட்பார். "செத்தவீட்டிலை சாதகம் பாக்க வந்திட்டார்" என்று ஏச்சு வாங்கியிருக்கிறார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையிடமே கேட்டதாகக் கதை. அதை நான் நம்பவில்லை, ஆனால் மறுக்கவும் மாட்டேன்.

ஒரு மாதம் அவர் எங்கள் கந்தோருக்கு வரவில்லை. பியோன் பத்து மணிக்கு வாசலைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். ஒருநாள் சைக்கிள் சுவரில் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

மேசைக்கு முன்னால் வந்து நின்று, ஒன்றும் நடவாததுபோல வாசித்தார். "நெருப்புக்காய்ச்சல். பள்ளிக்கூடத்தடியும் அடுத்த ஊரும். மூண்டு பேர். பிழையோ?"

பதிவேட்டைப் பார்த்தேன். நாலு வரி. சுற்றுநிருபம் அதே லாச்சியில்தான் இருந்தது.

"பிழை, அண்ணை" என்றேன். "மூண்டில்லை. நாலு."

பியோனின் கையிலிருந்த கோப்புக் கட்டு மேசையில் விழுந்தது. இருபது வருடத்தில் நான் ஓர் எண்ணை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"நீர் சொன்னதெண்டு நான் எழுதேலாது. போய்ப் பாத்திட்டு வாறன்."

போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. என் வேலையை ஈடுவைத்து ஒரு மனிதருக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால், அவர் அதைச் சரிபார்க்கப் போகிறார்.

நாலு மணிக்கு, பியோன் யன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார்.

"தம்பி, மூண்டுதான். உம்மடை நாலு வரியையும் எடும். தகப்பன் பேரைப் பாரும். வயசைப் பாரும்."

எடுத்தேன். இரண்டாவது வரியிலும் நாலாவது வரியிலும் ஒரே தகப்பன் பெயர். பதினொரு வயது, பதினொரு வயது. ஒன்றில் வீட்டில் கூப்பிடும் பெயர், மற்றதில் பள்ளிக்கூடப் பெயர். பெற்றோர் அந்த அடுத்த ஊரில், பிள்ளை பள்ளிக்கூடத்தடியில் சின்னம்மா வீட்டில் நின்று படிக்கிறாள். தனியார் வைத்தியர் சின்னம்மா வீட்டு விலாசத்தை எழுதி அட்டை அனுப்பியிருக்கிறார், ஆஸ்பத்திரி பெற்றோர் வீட்டு விலாசத்தை எழுதி அனுப்பியிருக்கிறது. இரண்டு பரிசோதகர்கள் இரண்டு வீட்டுக்கும் போய், ஆம், இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். இரண்டு வரியும் என் கையெழுத்து. நல்ல கையெழுத்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் அடித்துப் பழக்கியது.

"பெட்டைப்பிள்ளைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"கஞ்சி குடிக்கிறாள்" என்றார். "பிழையோ?"

"இல்லை, அண்ணை."

அவர் போனபிறகு சிவப்பு மையை எடுத்தேன். பதிவேட்டில் திருத்தம் செய்வதற்கு முறை உண்டு. சுரண்டக்கூடாது, மறைக்கக்கூடாது. பழைய வரி வாசிக்கக்கூடியதாக இருக்கும்படி ஒரு கோடு இழுத்து, சுருக்கொப்பமிட்டு, திகதி போட்டு, காரணம் எழுதவேண்டும். முறைப்படி செய்தேன். காரணம் என்ற இடத்தில் 'விசாரித்தறியப்பட்டது' என்று எழுதினேன். யார் விசாரித்தது என்று எழுத அந்தப் பதிவேட்டில் நிரல் இல்லை.